தம்பதிகளின் ஆகாரமும் தேகாப்பியாசமும்

கிராமங்களில் ஒருவருக்கு வியாதி கண்டால், பத்தியம் அவருக்கு மட்டுமே விதிக்கப்படுவது வழக்கம். வீட்டிலுள்ள மற்றவர்கள் எப்போதும்போல் உண்பார்கள். நோயாளி மட்டும் தனிப் பாத்திரத்தில் உப்பும் புளியும் குறைந்த கஞ்சியை முகஞ்சுளித்துக் குடித்துக்கொண்டிருப்பார். ஜுரம், பேதி முதலிய சில நாள் வியாதிகளுக்கு இந்த ஏற்பாடு போதும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இரத்தசோகை முதலியவை அத்தகையன அல்ல. அவை வருஷக்கணக்கில் உடனிருப்பவை. அவற்றிற்குரிய பத்தியமும் வருஷக்கணக்கில் நடைபெறவேண்டும். தனிப் பாத்திரத்துப் பத்தியம் பத்து நாளைக்குமேல் நிலைப்பதில்லை என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். அடுப்பு ஒன்றாயிருக்கும் வரையில், ஆகாரத்தைச் சீர்ப்படுத்தும் வேலையும் அடுப்பிலிருந்தே தொடங்கவேண்டும். அவ்வடுப்புக்குச் சாமான் வாங்கிப் போடுகிறவரும் அதிலே சமைக்கிறவரும் ஒருமனப்பட்டாலன்றி அது நடவாது.

இதற்கு ஆராய்ச்சியின் ஆதாரமும் உண்டு. இங்கிலாந்தில் நடுத்தர வயதைக் கடந்த 3,700-க்கு மேற்பட்ட தம்பதிகளைப் பல வருஷங்கள் கவனித்து, 2015-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. மனைவியர் தேகாப்பியாசத்தைத் தொடங்கிய குடும்பங்களில் சோம்பியிருந்த கணவர்களுள் 100-க்கு 67 பேர் தாமும் தொடங்கினர். மனைவியர் தொடங்காத குடும்பங்களில் 100-க்கு 26 பேரே தொடங்கினர். புகையிலையை விடுவதிலும் உடல் எடையைக் குறைப்பதிலும் இவ்விதமே கண்டது. முன்னமே நல்வழக்கத்தில் இருப்பவரோடு வாழ்வதைவிட, கூடவே மாறுகிறவரோடு வாழ்வது அதிகப் பயன் தந்தது என்பது அவ்வாராய்ச்சியின் கவனிக்கத்தக்க முடிவாகும். வைத்தியர் சொல்லியும் கேளாதவர், உடன் உண்பவர் செய்யக்கண்டு செய்கிறார்.

முன்னாள் குறைவும் இந்நாள் மிகுதியும்

தென்னாட்டு ஆகாரத்தைப்பற்றிய குறை இன்று நேற்று எழுந்ததன்று. ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் 1890-களில், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். அதற்காக அவருக்கு 1929-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நீலகிரியில் குன்னூரில் 1918-ல் ஒரு சிறிய அறையில், பெரிபெரி என்னும் அவ்வியாதியைப்பற்றிய விசாரணை தொடங்கியது. அதை நடத்தியவர் ராபர்ட் மக்காரிசன் என்பவர். இந்தியாவின் பற்பல பிரதேசத்து ஜனங்கள் உண்ணும் ஆகாரங்களை அவர் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் திடமாக வளர்ந்தன. சென்னை ராஜதானியின் அரிசியாகாரத்தை உண்டவை வரிசையின் கடைசியில் நின்றன. அந்தக் குன்னூர் ஆராய்ச்சிசாலையே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இதில் நம் பாட்டிமார்களின் புத்திசாலித்தனத்தையும் சொல்லவேண்டும். நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்தும்போது, உமிக்கடியிலுள்ள தையமின் என்னும் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்துக்கு ஏறிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. ஆகவே புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் பெரிபெரி அவ்வளவாகத் தலைகாட்டவில்லை. பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களே அதனால் வருந்தின.

அக்காலத்து வியாதி சத்துக் குறைவினால் வந்தது. இக்காலத்து வியாதி அதே தட்டில் மாவுச்சத்து மிகுந்து, உழைப்புக் குறைந்ததனால் வருகிறது. இந்தியாவில் நீரிழிவு உடையவர்கள் 10 கோடிக்கு மேல் என்றும், அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் 2023-ல் வெளியான தேசிய ஆராய்ச்சி கணக்கிட்டது. அதே சமயம் பழைய குறைவும் ஒழிந்துவிடவில்லை. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள ஸ்திரீகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். ஆக, ஒரே பானையில் சமைத்ததை உண்டு, கணவர் மிகுதியாலும் மனைவி குறைவாலும் கெடும் குடும்பங்கள் எண்ணற்றன.

ஓர் உதாரணக் குடும்பம்

காவிரிப் பாசனத்துக் கிராமமொன்றில் இத்தகைய ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். கணவருக்கு வயது 48. மூன்று ஏக்கர் நஞ்சை. அத்துடன் கடைத்தெருவில் உரம் விற்கும் சிறு கடை. தகப்பனார் காலத்தில் ஏர் பிடித்து உழுத நிலத்தை இப்போது டிராக்டர் உழுகிறது. அறுவடைக்கும் யந்திரம் வருகிறது. வீட்டிலிருந்து அரை மைல் தூரத்திலுள்ள வயலுக்கும் அவர் மோட்டார் சைக்கிளிலேயே போவார். மனைவிக்கு வயது 43. இரண்டு மாடுகள், வீட்டுவேலை, நடவுக் காலத்தில் வயல்வேலை. அவருடைய மாமியாரும் உடன் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கின்றனர்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் ஏற்பாட்டின்படி, வீடு வீடாக வரும் பெண் ஊழியர் ஒருவர் இவ்வீட்டுக்கும் வந்தார். அவர் சொற்படி இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று பரிசோதித்துக்கொண்டனர். கணவருக்கு வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 118 மில்லிகிராம். நூறுக்குக் கீழிருப்பது நலம், 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு, இடைப்பட்டது எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்கு மேலும், பெண்களுக்கு 80-க்கு மேலும் போகலாகாது. எடை 82 கிலோ. மனைவியின் எடை 46 கிலோதான். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 இருக்கவேண்டிய இடத்தில் 9.2 இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை அவர் வயதின் குற்றமென்று நினைத்திருந்தார்.

கணவருடைய தமையனார் நீரிழிவைக் கவனியாது விட்டு, பாதத்தில் ஏற்பட்ட புண் ஆறாமல், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி நேர்ந்தவர். ஆகையால் 118 என்ற எண் அவ்வீட்டில் சாதாரண எண்ணாகப் படவில்லை. அன்றிரவே, “நாளைமுதல் எனக்குச் சோறு வேண்டாம், இரண்டு சப்பாத்தி போதும்” என்றார் கணவர்.

மனைவி சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “உங்களுக்குச் சப்பாத்தி, அத்தைக்குச் சோறு, அப்புறம் மிஞ்சியது எனக்கு. இத்தனை நாளும் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டேன். கீரையும் முட்டையும் உங்களுக்கே சரியாகிவிடும், மிஞ்சுவது சோறும் ரசமும்தான்” என்றார்.

இருபது வருஷமாக ஒரே வீட்டில் உண்டும் இது கணவருக்குத் தெரியாது. தெரியாததில் வியப்புமில்லை; புருஷர்கள் உண்டு எழுந்த பிறகு ஸ்திரீகள் உண்ணும் வழக்கத்தில், அவர்கள் தட்டில் என்ன இருந்தது என்று பார்ப்பவர் யார்? அந்த வீட்டில் நடந்த முதல் சீர்திருத்தம் அரிசியை மாற்றியதன்று. இருவரும் ஒரே வேளையில் எதிரெதிரே உட்கார்ந்து உண்ணத் தொடங்கியதே. எல்லாப் பண்டமும் முதலிலேயே பங்கிடப்படவே, மனைவிக்கு வரவேண்டியது வந்தது. கணவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பதும் குறைந்தது.

அளவும் பங்கும்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இவ்வளவு ஆகாரம் வேண்டுமென்று கூறப்பட்டிருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரையும் காய்கறியும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, நிலக்கடலை முதலிய கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதைக் கிராமத்து வீடுகளோடு ஒப்பிட்டால், தானியம் இருமடங்கும் காய்கறி கால் பங்கும் இருப்பதைக் காணலாம். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் அரிசி சுமார் 170 கிராம் இருக்கும். மூன்று வேளையும் ஒவ்வொரு டம்ளர் அரிசிச் சோறு உண்பவர், அரிசியால் மட்டும் ஏறக்குறைய 1,800 கலோரி பெறுகிறார். காலையில் வயலில் இறங்கி மாலையில் கரையேறியவர்களுக்கு அது தகும். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தொந்தியாகிறது.

நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்க, காய்கறியைக் காசு கொடுத்து வாங்கவேண்டியிருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் கொல்லையிலும் வேலியிலும் முளைப்பதற்குக் காசு இல்லை. முருங்கை, அகத்தி, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, பசலை இவற்றில் இரண்டையாவது வளர்க்க முடியாத வீடு அரிது. முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகிலும் அவ்வளவு உண்டு. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே.

உதாரணக் குடும்பத்தில் சமையல் இரண்டாகப் பிரியவில்லை. பங்கு மட்டுமே வேறுபட்டது. பகலுணவுக்கு மூவருக்குமாக முன்பு மூன்று டம்ளர் அரிசி உலையில் விழும். அது ஒன்றேகால் டம்ளராயிற்று. குழம்பில் பருப்பு கெட்டியாயிற்று; கொள்ளு, பச்சைப் பயறு, காராமணி ஆகியவை மாறிமாறிச் சுண்டலாகவும் மசியலாகவும் வந்தன. கீரையோ காயோ முன்பு தொட்டுக்கொள்ளும் அளவில் இருந்தது, சோற்றுக்குச் சமமாயிற்று. கணவர் முதலில் காயையும் பருப்பையும் உண்டு, பின்பே சோற்றில் கைவைப்பார். அவ்விதம் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவதில்லை என்று பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. மனைவிக்கோ சோற்றைக் குறைக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் அதே பானையிலிருந்து கணவரைவிட ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டார். தினம் ஒரு முட்டையும், வாரம் இருமுறை மத்தி மீனும், இரவில் ஒரு டம்ளர் பாலும் அவர் பங்கில் சேர்ந்தன.

இரத்தசோகைக்குக் கீரை மட்டும் போதுமென்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது; அது சரியன்று. கீரையிலுள்ள இரும்புச் சத்தில் மிகச் சிறு பகுதியே உடலில் சேர்கிறது. எலுமிச்சம் பழம், நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அதைச் சேரச் செய்யும். சாப்பாட்டோடு குடிக்கும் காப்பியும் தேநீரும் அதைத் தடுக்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒருமணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாமிசம் உண்பவர்களுக்கு ஈரலும் மீனும் அதிக உதவி. இவ்வளவு செய்தும் 9 என்ற அளவில் உள்ளவருக்கு ஆகாரம் மட்டும் விரைவில் பயன் தராது. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைகளை வைத்தியர் சொன்னபடி மாதக்கணக்கில் உண்ணவேண்டும். மலம் கறுப்பதைக் கண்டு பயந்து பலர் நிறுத்திவிடுகின்றனர். அம்மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பே.

கேழ்வரகு, கம்பு, சாமை, தினை முதலிய புன்செய்த் தானியங்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை வியாதிக்குக் கேழ்வரகு மருந்து என்று கருதி, நாள்தோறும் செம்பு செம்பாகக் கூழ் குடிப்பவர்கள் உண்டு. 100 கிராம் கேழ்வரகிலும் ஏறக்குறைய அரிசியிலுள்ள அளவு கலோரி இருக்கிறது. அதில் நாரும் சுண்ணாம்பும் மிகுதி என்பதே அதன் மேன்மை. நன்றாக அரைத்துக் கரைத்த கஞ்சி விரைவில் ஜீரணித்துச் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். களியும் அடையும் அதனினும் மேல். அரிசிக்கு மேலாக உண்பதன்று, அரிசிக்குப் பதிலாக உண்பதே பயன் தரும்.

எண்ணெய், உப்பு, சர்க்கரை மூன்றையும் தட்டில் அளக்க முடியாது, மாதத்தில் அளக்கலாம். மேற்சொன்ன 27 கிராம் கணக்கின்படி இருவருக்கு மாத எண்ணெய் ஒன்றேமுக்கால் லிட்டர். உப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு உட்படவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இருவருக்கு மாதம் 300 கிராம், அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் உட்பட. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அதன்மேல் தேதியை எழுதிவைத்தால், எத்தனை நாளில் தீர்கிறதென்று கணக்குத் தானே விளங்கும். சர்க்கரைக் கணக்கு இன்னும் எளிது. கடைத்தெருவில் நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறுகரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்றால் மாதம் 1,200 கிராம் சர்க்கரை, வீட்டாருக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. இந்தக் கணக்கை மனைவி போட்டுக் காட்டியபோது கணவர் வடையைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் அதையும் தாமே ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்குள் எழும் எதிர்ப்பு

இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் வெளியாரால் கெடுவதில்லை. உலையரிசி குறைந்த மூன்றாம் நாள் மாமியார் வாசலில் நின்று, “ஆம்பிள்ளைக்குச் சோற்றை அளந்து வைக்கிற வீட்டில் லட்சுமி தங்குவாளா?” என்று அண்டைவீட்டார் காதில் விழும்படி கேட்டார். அச்சொல் மருமகளைக் குறித்தது. இவ்விடத்தில் கணவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த ஏற்பாடு அன்றோடு முடிந்திருக்கும். ஏனெனில் அப்பழியைத் தாங்கிக்கொண்டு எந்த மருமகளும் நெடுநாள் அளந்து வைக்கமாட்டாள். கணவர், “அளந்து வைக்கச் சொன்னவன் நான்தான் அம்மா. அண்ணன் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் நீதானே பக்கத்தில் இருந்தாய்?” என்றார். மறுநாள்முதல் தம் பங்கைத் தாமே போட்டுக்கொள்ளவும் தொடங்கினார். பரிமாறும் கரண்டி மனைவியின் கையில் இருக்கும் வரையில் குறைவின் பழியும் அவருக்கே. கணவர் கைக்கு மாறினால் அப்பழி இல்லை.

இங்கே மகாத்மா காந்தியின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வரத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் அம்மையார் நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி சொன்னார். அவற்றை விடும்படி சொன்னால் நீங்களும் விடமாட்டீர்கள் என்று அம்மையார் கூறவே, காந்தி அந்த நிமிஷமே ஒரு வருஷத்துக்கு இரண்டையும் தாம் விட்டுவிட்டார். அம்மையார் திடுக்கிட்டு வேண்டாமென்று வேண்டியும் கேட்கவில்லை. பின்னர் அம்மையாரும் விட்டார். தம் சுயசரிதையில் இதை அவரே எழுதியிருக்கிறார். பருப்பை விடும்படி இன்றைய வைத்தியர் எவரும் பொதுவாகச் சொல்லமாட்டார். ஒருவர் திடீர்ச் சபதத்தால் மற்றவரைக் கட்டுவதும் எல்லாக் குடும்பத்துக்கும் ஏற்றதன்று. சொன்னவர் தாமே முதலில் செய்தார் என்பதே இதில் கொள்ளத்தக்கது.

நடை

வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை ஓரளவு வேகமான நடையோ அதற்கொத்த அப்பியாசமோ வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறிய அளவு. நாளொன்றுக்கு அரைமணி நேரம் என்று கொள்ளலாம். வேகம் எவ்வளவு என்று அறியக் கருவி வேண்டாம்: நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. இந்தப் பரிசோதனைக்கே இருவர் தேவைப்படுகின்றனர்.

கிராமத்தில் ஸ்திரீகள் வேலையின்றி வீதியில் நடப்பதை ஜனங்கள் விநோதமாகப் பார்க்கின்றனர். இருட்டில் தனியே போவதற்கு அச்சமும் உண்டு. கணவன் உடன் போனால் இரண்டு தடையும் நீங்கும். ஆனால் அவர் பத்தடி முன்னேயும் மனைவி பின்னேயும் போகும் பழைய முறையில் பயனில்லை. அது இருவர் நடையன்று, ஒருவர் நடையும் ஒருவர் ஓட்டமுமாகும். இவர்கள் விடியற்காலையில் வாய்க்கால் கரையோடு மதகு வரையில் சென்று திரும்பினர். முதல் வாரம் தேநீர்க் கடையில், “ஜோடியாக எங்கே பயணம்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். கணவர் இரண்டு நாள் நாணி நின்றுவிட்டதும் உண்டு. மூன்றாம் நாள் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அவரும் கிளம்பவேண்டியதாயிற்று.

செருப்பைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கொக்கிப்புழு வெறுங்கால் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுந்து குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆகவே இரத்தசோகை உள்ளவருக்குச் செருப்பு அவசியம். நீரிழிவு முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்குவதால், முள் குத்தியதும் தெரியாது. அவருக்கு அது இன்னும் அவசியம். தன் உள்ளங்காலைத் தானே நன்றாகப் பார்ப்பது எளிதன்று. இரவில் படுக்குமுன் கணவர் பாதத்தை மனைவியும், மனைவி பாதத்தைக் கணவரும் விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடலாம். கணவன் மனைவியின் காலைத் தொடுவதா என்று கூசுபவர்கள், ஆறாத புண்ணின் முடிவை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக உலாவினாலும் சர்க்கரை ஏறுவது குறையும். உண்டவுடன் கட்டிலில் சாய்வதற்கு நேர்மாறானது இது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் அதற்கு மிகவும் ஏற்றது. முழங்கால் வலியுள்ளவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காரலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் வேளை ஆகாரத்தைத் தவிர்த்து நடக்கலாகாது. நடக்கையில் வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றினால் உடனே உண்பதற்கு மடியில் சிறிது சர்க்கரை இருக்கவேண்டும். மார்பில் வலி கண்டால் நடையை நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும்.

நடவு நாட்களில் பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற மனைவிக்கு நடை வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வும் ஒரு வேளை நல்ல சாப்பாடும். அந்நாட்களில் கணவர் தனியே நடப்பதைவிட, குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்குவதும், மாட்டுக்கொட்டில் கூட்டுவதும், தீவனம் சுமப்பதும் அவருக்கு அப்பியாசமாகவும் மனைவிக்கு ஓய்வாகவும் முடியும். உதாரணக் குடும்பத்தில் இது ஒரு நடவுக் காலத்தில் தொடங்கி, நடவு முடிந்த பின்னும் நின்றுவிடவில்லை.

பலன் எவ்வளவு?

சென்னையில் உள்ள ஆராய்ச்சியாளர்கள், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான யோசனை மட்டும் பெற்றவர்களுள் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆகாரத்தை மாற்றி நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்கும்படி தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களுள் 39 பேருக்கு வந்தது. எல்லாருக்கும் தப்பவில்லை என்பதை இதிலிருந்து மறைக்காமல் கொள்ளவேண்டும். தப்பியவர்களும் ஒரு மாதத்து ஆர்வத்தால் தப்பவில்லை.

உதாரணத் தம்பதிகளுக்கு ஆறு மாதத்தில் கிடைத்ததும் இதைப்போன்றதே. கணவரின் எடை 82-லிருந்து 77-க்கு வந்தது. சர்க்கரை 118-லிருந்து 106. நூறுக்குக் கீழே இன்னும் வரவில்லை. நடுவே பொங்கலும் ஒரு கலியாணமும் வந்து, பதினைந்து நாள் நடையும் நின்றது, அளவும் தவறியது. எடை ஒரு கிலோ ஏறி மறுபடி இறங்கியது. மனைவியின் ஹீமோகுளோபின் 11.3, எடை 49. படியேறும்போது மூச்சு வாங்குவதில்லை. மாமியாரோ உலையரிசியைப்பற்றி இன்னும் சமாதானமடையவில்லை. ஆனால் கொள்ளு ரசம் தம் மூட்டுவலிக்கு நல்லதென்று சொல்லிக்கொண்டு இரண்டு முறை கேட்டு வாங்குகிறார்.

கணவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போயிருக்கும் வீடுகளும், துணையை இழந்தவர்களும் கிராமத்தில் பலர். அவர்களுக்கு நாத்தனாரோ, அண்டைவீட்டாரோ, மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவரோ நடைக்கும் கணக்குக்கும் துணையாகலாம். வெளியூரிலிருப்பவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் எடையைச் சொல்லிக் கேட்டுக்கொள்வதும் உண்டு. 30 வயது நிரம்பியவர்கள் அனைவரும், தம்பதிகளாயின் இருவரும் ஒரே நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் வெறும் வயிற்றோடு சென்று, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஹீமோகுளோபின் மூன்றையும் பரிசோதித்துக்கொண்டு, அவ்வெண்களை ஒரே நோட்டில் தேதியிட்டு எழுதிவைக்கவேண்டும்; எச்சரிக்கை அளவில் இருப்பவர்கள் வைத்தியர் குறித்த நாளில் மறுபடியும் போகவேண்டும்.